கை தட்டாத கப்பல்

கொழும்பில் கை தட்டுவார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கப்பலில் வாந்தி வரும் என்று சொன்னார்கள். மண்டபம் முகாமில் டாக்டர் கண்ணைப் பிதுக்கிப் பார்ப்பார் என்று சொன்னார்கள். அங்கே குழம்பில் தேங்காய் தூக்கல், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், ரயிலில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாதீர்கள் என்று பூவிருந்தவல்லிச் சந்தைக்குப் போகிறவர்கள்கூட நின்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். கை தட்டலைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் எனக்கு எழுதுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

எங்கள் நசரத்பேட்டை மிஷன் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் எட்டுப் பேர், கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவில் பின்னல் கோலாட்டம் ஆடப் போனார்கள். கூட்டிக்கொண்டு போனவர் தலைமை ஆசிரியை சுகிர்தம் டீச்சரம்மா. நான் துணைக்குப் போனேன். டீச்சரம்மாவை நம்பிப் பிள்ளைகளை அனுப்ப யாருக்கும் தயக்கமில்லை. ஆனால் டீச்சரம்மாவுக்கே கல்யாணம் ஆகவில்லையே, அவருக்குத் துணை யார் என்று ஊர்ப் பெரியதனக்காரர் கேட்டுவிட்டார். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து முடித்த, தலை நரைத்த பெண்பிள்ளை ஒருத்தி வேண்டும் என்று தேடி என்னைப் பிடித்தார்கள்.

"அதுதான் சரி. வாயே தொறக்காது. வாயத் தொறக்காத பொம்பள எங்க போனாலும் வம்பு வராது" என்றார் பெரியதனக்காரர். அவர் அதைச் சொன்னபோதும் நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நான் அதே பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவள். பேசத்தான் கூச்சமே தவிர எழுதக் கூச்சமில்லை. டீச்சரம்மா எழுதச் சொன்னார், எழுதுகிறேன். பிழை இருந்தால் அவர் திருத்திக்கொள்ளட்டும்.

பின்னல் கோலாட்டம் பார்க்காதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். உயரத்தில் ஒரு வளையம் கட்டி, அதிலிருந்து எட்டுக் கயிறுகள் தொங்கும். ஆளுக்கு ஒரு கயிற்று நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கைக் கோலால் எதிரே வருகிறவள் கோலைத் தட்டி, நாலு பேர் இப்படியும் நாலு பேர் அப்படியும் உள்ளும் வெளியுமாகச் சுற்றுவார்கள். கயிறுகள் மேலிருந்து ஜடைபோலப் பின்னிக்கொண்டே இறங்கும். ஜடை இறங்கி முடிந்ததும் பாடுகிறவள் ஒரே ஒரு தட்டு, கை தட்டுவாள். தட்டினால் 'திரும்பு' என்று பொருள். எட்டுப் பேரும் திரும்பி, வந்த வழியே ஆடிப் போனால் ஜடை அவிழ்ந்துவிடும். பார்க்கிறவர்கள் எங்கள் ஊரில் கை தட்டுவதில்லை. மனசு நிறைந்தால் பெண்கள் குலவையிடுவார்கள். ஆண்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு "அட!" என்பார்கள். அதுவே பெரிய மரியாதை.

கயிறு ஊர்க் கயிறு. பிள்ளையார் கோயில் பெட்டியில் இருப்பது. ஐப்பசியில் ஏரிக்கரை மரத்தில் கட்டி ஆடுவார்கள். போட்ட பின்னல் அவிழாமல் நின்றால் ஏரிக்கு வரும் தண்ணீரும் அப்படியே நின்றுவிடும் என்பது எங்கள் ஊர்ப் பயம். அதையும் ஆடித்தான் அவிழ்க்க வேண்டும். விரலால் நோண்டி அவிழ்த்தால் கணக்கில் சேராது.

பெரியதனக்காரர் அந்தக் கயிற்றை டீச்சரம்மாவிடம் கொடுக்கவில்லை. என் கையில் கொடுத்தார்.

"போன மாதிரியே திரும்பி வரணும். முடிச்சோட வந்துச்சின்னா, இந்தக் கயிறும் இனிமே ஊரவிட்டு வெளிய போவாது, நம்ம ஊர்ப் பொண்ணுங்களும் வெளிய போவாது. இன்னா, புரிஞ்சுதா?"

நான் தலையை ஆட்டினேன்.

முதல் நாள் முழுக்க ரயில்தான். வளையத்துக்கு ஒரு பீப்பாயின் இரும்புப் பட்டையைக் கழற்றித் துணி சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். அதை வைக்க வண்டியில் இடமில்லாததால் என் தோளில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே கொழும்பில் கடை வைத்திருக்கும் வியாபாரி ஒருவர். அவர் வளையத்தைப் பார்த்தார், கோல்களைப் பார்த்தார், எட்டுப் பெண்களின் மஞ்சள் பாவாடைகளைப் பார்த்தார்.

"சர்க்கஸ் கம்பெனியா?" என்று கேட்டார்.

கன்னியம்மா என்று ஒரு பெண். எட்டுப் பேரில் வாய்த்துடுக்கு அவளுக்குத்தான். "ஆமா நைனா" என்றாள். "புலி பின்னாடி பொட்டில கீது. பசி வந்தாத்தான் சத்தம் போடும்."

அடுத்த ஸ்டேஷனில் அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டார். டீச்சரம்மா கன்னியம்மாவைத் திட்ட ஆரம்பித்தார், திட்டி முடிப்பதற்குள் சிரித்துவிட்டார். பெஞ்சு காலியானதில் எங்களுக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது. புளிச்சோற்று மூட்டையைப் பிரித்தோம். நான் வெளி ஆண்கள் எதிரில் சாப்பிட்டதில்லை. வளையத்தின் மேல் முந்தானையைப் போட்டுத் திரை மாதிரி பிடித்துக்கொண்டு அதற்குள் சாப்பிட்டேன். பெட்டியில் இருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்களாம். திரை போடாமல் இருந்திருந்தால் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று டீச்சரம்மா பிறகு சொன்னார்.

மறுநாள் மண்டபம் முகாம், கப்பல் ஏறுகிறவர்களுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்கிற இடம். டாக்டர் வரிசையாக நிறுத்தி, "நாக்கை நீட்டு" என்றார். அன்னிய ஆண் எதிரில் நாக்கை நீட்டுவதா? எனக்குக் கண்ணை மூடிக்கொண்டால்தான் நாக்கு வெளியே வந்தது. எனக்குப் பின்னால் நின்ற பிள்ளைகள் இதுதான் இங்கே முறைபோலிருக்கிறது என்று நினைத்து, எட்டுப் பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நாக்கை நீட்டினார்கள். டாக்டர் பயந்துவிட்டார். ஏதோ கண் வியாதி கூட்டத்தோடு வந்திருக்கிறது என்று எல்லோர் இமையையும் மறுபடி முதலிலிருந்து புரட்டிப் பார்த்தார்.

பாம்பன் பாலத்தில் ரயில் கடல் மேல் ஊர்ந்து போனது. கீழே பார்த்தால் தண்ணீர், பக்கத்தில் பார்த்தாலும் தண்ணீர். பிள்ளைகளில் வேதக்காரப் பெண் ரோசம்மா ஜெபம் சொன்னாள். மற்றவர்கள் பிள்ளையாரைக் கூப்பிட்டார்கள். எட்டுப் பேரில் சின்னவளான முனி இரண்டையும் கலந்து சொன்னாள். "பரலோகத்துல கீற பிள்ளையாரே" என்று அவள் ஆரம்பித்ததும் டீச்சரம்மாவே வாயைப் பொத்திக்கொண்டார். பாலம் பத்திரமாக நின்றது.

கப்பலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. போகும்போது எல்லோரும் முறை வைத்து வாந்தி எடுத்தோம். அக்கரையில் இறங்கியதும் சுங்க அதிகாரி ஒருவர் என் தோளில் கிடந்த வளையத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இது பீப்பாய்ப் பட்டைதானே? பீப்பாய் எங்கே?"

நான் டீச்சரம்மாவைப் பார்த்தேன். "பீப்பாய் இல்லை, பட்டை மட்டும்தான்" என்றார் டீச்சரம்மா.

"பட்டையை இங்கே காட்டிவிட்டு, பீப்பாயை எங்கே உருட்டி அனுப்பினீர்கள்? உள்ளே என்ன சரக்கு?"

கன்னியம்மா முன்னால் வந்தாள். "நாங்கதான் சரக்கு. வோணும்னா ஆடிக் காட்டவா?" என்றாள். அவர் உடனே "போங்கள், போங்கள்" என்று கையை வீசினார்.

அங்கிருந்து இன்னொரு ரயில் ஏறிக் கொழும்பு போனதும், அந்தப் பள்ளிக்கூடத்து விடுதியில் எங்களைத் தங்க வைத்தார்கள். விடுதிப் பொறுப்பாளர் தங்கம்மா, யாழ்ப்பாணத்துக்காரர். முதல் வேளைக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்தார். சொதி என்பது மஞ்சளாக, தேங்காய்ப் பாலில் தண்ணீராக இருக்கும். நம் ஊரில் இதைக் கொடுத்தால் குழம்பு எங்கே என்று கேட்போம். ஆனால் அந்த இடியப்பத்தில் ஊற்றிப் பிசைந்தால் கை தானாக வாய்க்குப் போய்க்கொண்டே இருக்கிறது. சம்பல் என்பது தேங்காயும் மிளகாயும் சேர்த்து இடித்தது, அதன் காரம் காதில் ஏறியது. எங்கள் பிள்ளைகள் மூக்கைச் சிந்திச் சிந்திச் சாப்பிட்டார்கள்.

"ஏன் பிள்ளையள் வெட்கப்படுறியள்? வடிவாச் சாப்பிடுங்கோ" என்றார் தங்கம்மா.

"இன்னா பெரிம்மா, இவங்க பேசறதே பாட்டு மாதிரி கீது" என்று கன்னியம்மா என் காதில் சொன்னாள். பிள்ளைகள் எல்லோரும் என்னைப் பெரிம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அங்கே தேநீரில் சர்க்கரை போடுவதில்லை. ஒரு துண்டு வெல்லத்தைக் கையில் கொடுத்து, கடித்துக்கொண்டு குடிக்கச் சொல்கிறார்கள். நான் அதைத் தேநீருக்குள் போட்டுவிட்டேன். தங்கம்மா இன்னொரு துண்டு கொடுத்தார். அதையும் போட்டுவிட்டேன். வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். மூன்றாவது துண்டும் வந்தது. அவ்வளவு இனிப்பான தேநீரை நான் இனி எங்கே குடிக்கப் போகிறேன்!

மாலையில் ஊர் பார்க்க டிராமில் போனோம். சென்னப்பட்டணத்து டிராம் மாதிரிதான், ஆனால் ஆட்டம் குறைவு. ஒத்திகை எங்கே நடக்குமோ என்று வளையமும் கூடவே வந்தது. அதை நான் டிராமின் இரும்புக் கம்பியில் மாட்டி, கையை அதற்குள் நுழைத்துப் பிடித்துக்கொண்டேன். இறங்கும் இடம் வந்ததும் எல்லோரும் இறங்கினார்கள். எனக்கு வளையம் கம்பியிலிருந்து கழலவில்லை, கை வளையத்திலிருந்து கழலவில்லை. டிராம் புறப்பட்டுவிட்டது. "பெரிம்மா! பெரிம்மா!" என்று பிள்ளைகள் தெருவில் ஓடி வருகிறார்கள். நிறுத்துங்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாய் வரவில்லை.

பக்கத்தில் வெள்ளை ரவிக்கை போட்ட சிங்களப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து வளையத்தைத் திருகிக் கழற்றினாள். அடுத்த நிறுத்தத்தில் என்னோடு தானும் இறங்கி, பிள்ளைகளும் டீச்சரம்மாவும் மூச்சிரைக்க வந்து சேரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகும்போது டீச்சரம்மாவிடம் என்னமோ வருத்தமாகச் சொன்னாள். தெருவில் நின்ற ஒருவர் அதைத் தமிழில் சொன்னார். "இந்த அம்மாவுக்குக் காதும் கேட்கவில்லை, பேச்சும் வரவில்லை. இப்படிப்பட்டவரைத் தனியாக விடலாமா?" என்றாளாம்.

பிள்ளைகள் அன்று தூங்குகிறவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மனசுக்குள் கொஞ்சம் சுருக்கென்றது.

மறுநாள் விழா. மண்டபம் நிறைய ஜனம். மேடை பலகை மேடை. எங்கள் பிள்ளைகள் மண் தரையைத் தவிர வேறெதிலும் ஆடியதில்லை. முதல் அடி வைத்ததும் கீழேயிருந்து திம்மென்று சத்தம் வந்தது. முனி நின்று குனிந்து பார்த்தாள். "பெரிம்மா, அடியில யாரோ கதவத் தட்றாங்க!" நான் திரை ஓரத்திலிருந்து ஆடு ஆடு என்று கையை ஆட்டினேன். இரண்டு சுற்றில் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் பிடித்துவிட்டது. வேண்டுமென்றே ஓங்கி ஓங்கி மிதித்தார்கள். டீச்சரம்மா பாட, பிள்ளைகளும் கூடப் பாட, கோல்கள் ஒரே தாளத்தில் விழ, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஜடை இறங்க இறங்க எனக்கே கண் நிறைந்தது.

ஜடை பாதி இறங்கியிருக்கும். ஜனங்கள் கை தட்டினார்கள்.

ஓட்டின் மேல் மழை கொட்டிய மாதிரி இருந்தது. டீச்சரம்மா பதறி, திரும்பாதே என்று கையை வீசினார். அவர் பக்கம் முகம் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டு நேரே போனார்கள். முதுகு காட்டி இருந்தவர்கள் பழக்கத்தில் திரும்பிவிட்டார்கள். மோதினார்கள். கன்னியம்மா நெற்றியில் ரோசம்மாவின் கோல் விழுந்தது. முனி கயிற்றுக்கு அடியில் புகுந்து வேறு பக்கம் வந்தாள். இது ஏதோ வேடிக்கை என்று ஜனங்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். முன்பு திரும்பாதவர்கள் இப்போது திரும்பினார்கள். திரும்பியவர்கள் மறுபடி திரும்பினார்கள். என்ன ஆனாலும் பாட்டை நிறுத்தக் கூடாது என்று சொல்லி வைத்திருந்ததால், இடிபட்டு மிதிபட்டு எட்டுப் பேரும் பாடிக்கொண்டே இருந்தார்கள். எவ்வளவு முடிச்சு விழுந்ததோ அவ்வளவு கை தட்டல். கடைசியில் யாரோ புண்ணியவான் திரையை இழுத்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமை அம்மா மேடைக்கு ஓடி வந்தார். "கடைசிப் பகுதி எவ்வளவு வடிவு! ஒருவரோடு ஒருவர் மோதி, திரும்பி, மறுபடி மோதி... அது என்ன தாளம்?"

டீச்சரம்மா கண் இமைக்காமல் சொன்னார். "அது பூவிருந்தவல்லித் தாளம்."

"அடுத்த வருடம் யாழ்ப்பாணத்திலும் ஆட வேண்டும். கட்டாயம் வர வேண்டும்."

பிள்ளைகள் வலியை மறந்து குதித்தார்கள். யாழ்ப்பாணம்! இன்னொரு கப்பல்! நான் மட்டும் மேலே பார்த்தேன். எட்டுக் கயிறும் குருவிக்கூடு மாதிரி உருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. இது இப்படியே ஊருக்குப் போனால் யாழ்ப்பாணம் என்ன, அடுத்த ஊர் வானகரத்துக்குக்கூட இந்தப் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் விடுதி முற்றத்து மாமரத்தில் கட்டி ஆடி அவிழ்க்கப் பார்த்தோம். நாலு சுற்று நன்றாகப் போயிற்று. விடுதிப் பெண்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் சும்மா இருக்கக் கூடாதா? படபடவென்று தட்டினார்கள். குருவிக்கூடு பருந்துக்கூடு ஆயிற்று.

டீச்சரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "புதுக் கயிறு வாங்கிச் சாயம் போட்டுவிடலாமா?" என்றார்.

"புதுக் கயித்துல நம்ம ஊர் அழுக்கு எங்க டீச்சர் கெடைக்கும்?" என்றாள் கன்னியம்மா. "பெரியதனக்காரரு மோந்து பார்த்தே கண்டுபுடிச்சிடுவாரு."

கொழும்பிலிருந்து கப்பல் துறைக்குத் திரும்பும் ரயிலில் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வீக்கத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தங்கம்மா கொடுத்த பாண் என்கிற ரொட்டியும் சம்பலும் ஒரு பக்கம் காலியாகிக்கொண்டிருந்தது. கன்னியம்மா திடீரென்று நெற்றியில் கையை வைத்தாள்.

"தோ, இந்த வீக்கம் ரோசம்மா கோல் பட்டது. அப்போ ரோசம்மா என் கயித்துக்கு மேல வந்தா. அப்படின்னா அங்க திரும்பிப் போவணும். ஏய், அடுத்து யாருக்கு அடி?"

"எனக்கு!" என்று ஒருத்தி கட்டை விரலைக் காட்டினாள். "யாரு மிதிச்சது தெரியல."

"நான்தான் மிதிச்சேன்!" என்றாள் முனி, பரிசு வாங்கினவள் மாதிரி.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் நடந்த கூத்தைப் பார்க்க வேண்டுமே. முழங்கை, மூக்கு, கணுக்கால் என்று ஒவ்வொரு அடியையும் எடுத்துவைத்து, எது முன்னால் எது பின்னால் என்று சண்டை போட்டு, வரிசை கட்டிவிட்டார்கள். மாமரத்தடியில் பட்டது கடைசி, மேடையில் பட்டது முதல். பிறகு அதைத் தலைகீழாக்கிப் பாட்டாகப் பாடினார்கள். "முழங்கை போய் மூக்கு வந்தது, மூக்கு போய் விரல் வந்தது" என்று. அடி வாங்காத பெண் ஒருத்தி இருந்தாள். தனக்கு ஒன்றும் இல்லையே என்று அழுதாள். அவள் பாவாடை ஓரம் கிழிந்திருந்ததைக் கண்டுபிடித்து, அதையும் பாட்டில் சேர்த்த பிறகுதான் ஓய்ந்தாள்.

ஆடுவதற்கு இடம் எங்கே? தனுஷ்கோடியில் இறங்கியதும் ரயில் காத்திருக்கும். அந்த ரயில் போய் நிற்கும் இடத்தில் பெரியதனக்காரர் வண்டியோடு காத்திருப்பார். மீதி இருந்தது கப்பல் ஒன்றுதான்.

காலை வெயில் ஏறுவதற்குள் கப்பல் புறப்பட்டது. மேல் தளத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஊருக்குப் போகும் ஜனங்கள், மூட்டை, கோழிக்கூடை, குழந்தைகள். வெயிலுக்குக் கட்டிய படுதாவின் இரும்புச் சட்டத்தில் வளையத்தை மாட்டச் சொல்லிக் கன்னியம்மா கப்பலில் வேலை செய்யும் கலாசி ஒருவரைக் கேட்டாள். அவர் ஏறிக் கட்டிவிட்டு இறங்கினார். பாட வேண்டியவர், கை தட்டித் திருப்ப வேண்டியவர் டீச்சரம்மா. கப்பல் அசைந்ததுமே அவர் பாயில் சாய்ந்துவிட்டார். வாயில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, நீயே பார்த்துக்கொள் என்பதுபோலக் கண்ணால் காட்டினார்.

பிள்ளைகள் கயிற்றைப் பிடித்தார்கள். கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒருவர், தூரத்தில் நின்ற தன் தம்பியைக் கூப்பிட 'டப்'பென்று கை தட்டினார். ஆட்டமே ஆரம்பிக்கவில்லை, இரண்டு பெண்கள் திரும்பிவிட்டார்கள்.

"பெரிம்மா!" என்று கன்னியம்மா கத்தினாள். "சொல்லு பெரிம்மா! உன்னத்தான்! வாயத் தொற!"

சுற்றிலும் ஆண்கள். கோட்டுப் போட்ட கங்காணி ஒருவர் குடையோடு முன்னால் நிற்கிறார். என் புடவைத் தலைப்பைத் தேடினேன், அது காற்றில் பறந்துகொண்டிருந்தது. எட்டுப் பெண்களும் கயிற்றைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்கள். நெற்றியில் வீக்கம், மூக்கில் வீக்கம், அதற்கு நடுவில் கண்கள்.

"யாரும் கை தட்டக் கூடாது!" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்தான். "ஒருத்தர் தட்னாக்கூட எங்க ஊரு ஏரிக்குத் தண்ணி வராது! அல்லாரும் கையக் கட்டுங்க!"

கங்காணி குடையை மடக்கினார்.

"ஏரித் தண்ணி விஷயமா? அதை முன்னாலேயே சொல்ல வேண்டாமா தாயி? டேய், கையக் கட்டுங்கடா! தண்ணி விஷயம்!"

அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. ஆண்கள் கையை அக்குளில் செருகிக்கொண்டார்கள். சிலர் கையின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். பெண்கள் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கைக்குழந்தை அடங்காமல் தட்டப் பார்த்தது. அதன் அம்மா இரண்டு கையிலும் ஒவ்வொரு வாழைப்பழத்தைத் திணித்தாள். டீச்சரம்மா பாயில் படுத்தபடியே தன் கையைக் கட்டிக்கொண்டார்.

பிள்ளைகள் ஆடினார்கள். முழங்கை போனது, மூக்கு வந்தது. ஒவ்வொரு வீக்கம் வரும்போதும் நான் ஒரு தட்டுத் தட்டினேன், அவர்கள் திரும்பினார்கள். "இன்னொண்ணு! சத்தமா!" என்றாள் கன்னியம்மா. தட்டினேன். "முனி, நீ அடியில பூரு!" என்று கத்தினேன். "ரோசம்மா, உன் கோல எறக்கு!" என்று கத்தினேன். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் எட்டுப் பேரும் சேர்ந்து சாய்ந்து, நிமிர்ந்து, ஆடினார்கள். ஒரு கூடையில் கோழி சிறகை அடித்துக்கொண்டது. முனி பாதி திரும்பிவிட்டாள். "அது கோழிடி! கோழிக்கெல்லாம் திரும்பாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் கோழியும் அடங்கியது.

கடைசி இடி கன்னியம்மாவின் நெற்றி. தட்டினேன். ரோசம்மா அவளைத் தாண்டி மறுபக்கம் வந்தாள். குருவிக்கூடு குலுங்கி, இளகி, ஒழுங்கான ஜடையாக நின்றது. அதற்குப் பிறகு அது வாய்க்கால் தண்ணீர் மாதிரி தானே ஓடி அவிழ்ந்தது. எட்டுக் கயிறும் நேராகத் தொங்கின.

ஒருவரும் அசையவில்லை. கங்காணியின் முகம் சிரிப்பை அடக்கி உப்பிக் கிடந்தது. கையைக் கட்டிக்கொண்டு அத்தனை ஜனமும் கண்ணாலேயே சந்தோஷப்பட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. ஓங்கித் தட்டிவிட்டேன்.

எட்டுப் பேரும் திரும்பி மறுபடி பின்ன ஆரம்பித்துவிட்டார்கள்!

"ஐயையோ, இன்னா பெரிம்மா!" என்று கன்னியம்மா ஆடிக்கொண்டே கத்தினாள். அதற்குள் ஜடை இறங்க ஆரம்பித்துவிட்டது. பாதியில் நிறுத்தினால் வம்பு. "ஆடுங்க, ஆடுங்க, முழுசா ஆடுங்க!" என்றேன். கொழும்பு ஜனங்கள் பார்க்காத முழு ஜடையை, அடிவரைக்கும் இறங்கின ஜடையை, அந்தத் தோட்டத்து ஜனங்கள் பார்த்தார்கள். பிறகு ஒரு தட்டு. கரை தெரிய ஆரம்பித்தபோது கயிறுகள் மறுபடி நேராகத் தொங்கின. இந்த முறை கலாசி வளையத்தைக் கழற்றி, நான் கயிற்றைச் சுருட்டி என் இடுப்பில் கட்டி முடிக்கும்வரை என் கையை நானே நம்பவில்லை.

பிள்ளைகள் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

"இப்போ தட்டுங்க" என்றேன்.

அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தது. வாழைப்பழக் குழந்தைகூடத் தட்டியது, பழம் நசுங்க நசுங்க. அந்தச் சத்தம் கேட்டதும் கம்பி ஓரத்தில் நின்ற எட்டுப் பேரும், பழக்கத்தில், ஒன்றாகத் திரும்பினார்கள். கடலைப் பார்த்திருந்த முகங்கள் எட்டும் தங்களுக்காகக் கை தட்டுகிற ஜனங்களைப் பார்த்தன. இந்த முறை யாரும் யாரோடும் மோதவில்லை.

ரயிலடியில் பெரியதனக்காரர் இருந்தார். பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர். பெரியதனக்காரர் முதலில் கயிற்றைத்தான் வாங்கினார். ஒவ்வொன்றாக இழுத்து, விரலை ஓட்டிப் பார்த்தார்.

"போன மாதிரியே வந்துகீதே" என்றார். அவருக்கே நம்பிக்கை வரவில்லை. "கொழும்புல ஆடவே இல்லியா?"

கன்னியம்மா நெற்றியைக் காட்டினாள். "ஆடாமலா இப்படி வீங்கிகீது? அடுத்த வருஷம் யாழ்ப்பாணம் கூப்ட்டுகிறாங்க. கயிறு தருவீங்களா?"

அவர் கயிற்றை இன்னொரு முறை பார்த்தார். "உங்க பெரிம்மாவும் கூடப் போறதா இருந்தா தரேன்" என்றார். பிறகு எங்கள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "நான் சொன்னேன் பார்த்தியா? வாயத் தொறக்காத பொம்பளய அனுப்பினதுதான் நல்லதாப் போச்சு" என்றார்.

பிள்ளைகள் எட்டுப் பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். டீச்சரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றார். "இன்னாமே, இன்னா நடந்துச்சு?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. கப்பலில் கத்தியதில் தொண்டை கட்டிப் போயிருந்தது.